ஒன்றும் செய்யாத சக்கரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வரைந்த வட்டங்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. மாட்டின் பாலை வற்றவைக்க அவற்றுக்குத் தெரியாது. போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரவும் தெரியாது. இதை எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே. பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுத்த காலத்தில் என் முழங்கால் போய்விட்டது. கொழுந்து பறிக்க மலை ஏற முடியவில்லை. பெக்டரிக்கு மாற்றினார்கள். முதலில் தூளில் குச்சி பொறுக்கினேன். பிறகு மார்க் போடும் வேலை தந்தார்கள். அதற்குள் பலகைப் பெட்டி போய்க் கடுதாசிச் சாக்கு வந்திருந்தது. எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷ்ஷால் குத்த வேண்டும். தோட்டத்தின் பெயர், தூளின் இனம், நிறை. எல்லாம் இங்கிலீஸ் எழுத்து. எனக்கு வாசிக்க வராது. குத்த வரும்.

ஒரு நாள் கரண்ட் போனது. மெஷின் எல்லாம் நின்றது. மற்றப் பெண்கள் வெற்றிலை போட வெளியே போனார்கள். நான் போகவில்லை. டப்பாவில் ஊற்றிய மை சும்மா இருந்தால் காய்ந்துவிடும். பக்கத்தில் ஒரு கிழிந்த சாக்கு கிடந்தது. அதில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ். கரண்ட் வந்தபோது தாள் நிறைந்திருந்தது. மெஷின் இரைந்தது. அந்த இரைச்சல் வழக்கமாக என் மண்டைக்குள் ஏறி வீட்டுக்கும் கூடவே வரும், சோறு தின்னும்போதும் இரையும். அன்றைக்கு வரவில்லை.

தொடங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். துக்கம் ஒன்றும் இல்லை. கனவில் யாரும் வந்து சொல்லவில்லை.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

"கிழிஞ்ச சாக்க எடுத்துக்கவாங்க?"

"அடுப்புப் பத்தவைக்கவா?"

"இல்லைங்க. படம் போட."

"போட்டுக்க" என்றார்.

சாக்கின் உள்தாள் சுத்தமாக இருக்கும். அதை அளவாக வெட்டி, சாக்குத் தைக்கும் நூலால் நடுவில் தைத்துப் புத்தகமாக்கினேன். அடியில் மிஞ்சிய மை கெட்டியாகிவிடும். மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டுக் கரைத்தேன். அப்படிக் கரைத்தால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் எண்ணெய் ஊறி மஞ்சளாய் ஒரு நிழல் படரும். முதலில் அது குறையாகத் தெரிந்தது. பிறகு அது இல்லாவிட்டால் படம் மொட்டையாகத் தெரிந்தது. பிரஷ் என் வீட்டுக்காரர் கட்டித் தந்தார். பெக்டரி அடுப்புக்கு விறகு பிளக்கிற வேலை அவருக்கு. கித்துள் மரத்து நாரைக் குச்சியில் இறுக்கிக் கட்டி, நுனியைக் கத்தியால் சீவிக் கொடுத்தார். படம் எப்படி இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வட்டம் போட எனக்குக் கருவி இல்லை. சின்ன விரலை நடுவில் ஊன்றிக்கொள்வேன். கையை அசைக்க மாட்டேன். மற்றக் கையால் தாளைத் திருப்புவேன். தாள்தான் சுற்றும். மூச்சை மெதுவாக விட வேண்டும், இல்லாவிட்டால் கோடு தடிக்கும். பிழைத்தால் அழிக்க முடியாது. அடுத்த சுற்றைப் பிழைக்குத் தகுந்த மாதிரிப் போட வேண்டும். ஒரு தாள் முடிய நாலைந்து நாள் போகும். அந்த நேரத்தில் நான் எதையும் நினைப்பதில்லை. சாமியையும் நினைப்பதில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரை போகாது. அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் சட்டியில் கடுகு போட்டால் அவளுக்குத் தும்மல் வரும். நல்லவள்தான், வாய் மட்டும் நீளம். லயத்துக்குக் கீழே பட்டி போட்டு ஒரு மாடு வைத்திருந்தாள். பாலைக் கீழே சிங்களக் கடைக்கு ஊற்றிச் சாமான் வாங்குவாள்.

"என்னா புள்ள, ஒன்ன முடிச்சு இன்னொன்னு போடுற. யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா."

"விக்கிறியா?"

"இல்ல."

"கோலம்னா வாசல்ல போடு. நாலு பேரு பாப்பாங்க."

"வாசல்ல போட்டா மிதிப்பாங்க."

"புஸ்தகத்துல போட்டா?"

"மூடி வெச்சிருவேன்."

"சரிதான். மெஷின் சத்தத்துல ஒனக்கு ஏதோ கழண்டிருச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அப்படித்தான் இருந்தோம்.

டவுனுக்குப் போனாலும் புத்தகம் பையில் இருக்கும். சண்டை நடந்ததால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதிக்கிற காலம். ஓர் ஆமிக்காரன் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். நான் கையைக் கட்டி நின்றேன். "லஸ்ஸனய் அம்மே" என்று மூடித் தந்தான். அழகாக இருக்கிறதாம். தோளில் துவக்கு மாட்டியிருந்தவனுக்குப் பயம் வரவில்லை. லயத்தில்தான் வந்தது.

அந்த வருஷம் அக்காவின் மாட்டில் பால் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. காற்று மாதத்தில் என் இஸ்தோப்பில், முன் திண்ணையில், காயவைத்த தாள் ஒன்று பறந்து போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மாட்டுப் பட்டியைக் கூட்டும்போது தொட்டிக்கு அடியில் அது அவள் கண்ணில் பட்டது. கையால் தொடவில்லை. ஒரு குச்சியில் குத்தித் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"இது ஒன்னோடதா?"

"ஆமாக்கா. காத்துல போயிருக்கும். குடு."

"குடுக்கவா? என் மாட்டுக்குக் கீழ வெச்சிட்டு, குடுன்னு வேற கேக்குறியா?"

லயம் முழுக்கக் கூடிவிட்டது. ஒருத்தி தாளை மோந்து பார்த்து, மண்ணெண்ணெய் என்றாள். இன்னொருத்தி, நடுப்பொட்டைப் பாருங்க, கண்ணு மாதிரி முழிக்குது என்றாள். சக்கரம், இதழ், கறுப்பு மை. செய்வினைத் தகட்டில் இருப்பதும் இதுதான் என்றார்கள். எனக்கு எப்போதும் பேச்சு தாமதமாகத்தான் வரும்.

கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு கட்டாடியைக் கூட்டி வந்தார்கள். பேய் ஓட்டுகிற, யந்திரம் எழுதுகிற சிங்களவர். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "மேக்க யந்திரயக் நெவெய்" என்றார். இது யந்திரம் இல்லை. யந்திரம் என்றால் எழுத்து இருக்க வேண்டும், ஆளின் பெயர் இருக்க வேண்டும். இது வெறும் பூ என்றார். ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். காசு கேட்கவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போனது.

"காசு வாங்காமச் சொன்னவன் பேச்ச எப்புடி நம்புறது?" என்று அக்கா கேட்டாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். தோட்டத்துத் தலைவர் நடுவில் இருந்தார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், திருவிழாவுக்கும் அவர்தான். நானும் வீட்டுக்காரரும் ஓரமாக நின்றோம்.

"தங்கச்சி, பெரிசாக்க வேணாம். புஸ்தகத்த இங்க வெச்சு எரிச்சிரு. சூடத்த அணச்சு சத்தியம் பண்ணு. முடிஞ்சிருச்சு."

"என்னன்னு சத்தியம் பண்ணணும்?"

"இனிமே செய்ய மாட்டேன்னு."

"என்னாத்த?"

"அதான், இத."

"இதுன்னா என்னாங்க?"

"செய்வினைய."

"செஞ்சவதானே இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மச்சான், ஒங்க சம்சாரத்துக்கு வாய் எப்ப மொளச்சிச்சு?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுகிறேன், எத்தனை சூடம் வேண்டுமானாலும் அணைக்கிறேன், புத்தகத்தை மட்டும் எரிக்க மாட்டேன் என்றேன்.

"எரிக்க மாட்டேன்னா அதுல என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல. அதான் எரிக்க மாட்டேன்."

தீர்ப்புச் சொன்னார்கள். புத்தகம் எரிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் திருவிழா வரி எடுக்க மாட்டார்கள். தேர் எங்கள் வாசலில் நிற்காது.

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் திருவிழாவில் தேர் ஒவ்வொரு லயத்துக்கும் வரும், ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். தட்டில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் நிற்பாள். வரி எடுக்காத வீடு தோட்டத்தில் இல்லாத வீடு. கல்யாணத்துக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். சாவு விழுந்தால் தப்பு அடிக்க ஆள் வராது, பாடை தூக்கவும் வராது. புத்தகமா, ஊரா என்று கேட்டதற்கு அதுதான் அர்த்தம்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு வீட்டுக்காரர் கேட்டார்.

"எரிச்சா என்னா? கடுதாசிதானே. மறுபடி போட்டுக்கலாம்ல?"

"எரிச்சா செஞ்சேன்னு ஆயிரும்."

முகத்தைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போட்டார்.

"நாளைக்கு நான் செத்தா தப்பு அடிக்க நாதி இருக்காது."

"செத்த ஒங்களுக்கு எப்புடிக் கேக்கும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பீடி பற்றவைத்தார். அதற்குப் பிறகு எரி என்று அவர் சொன்னதே இல்லை. வெளியே அவரிடம் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார்கள்.

அதுவரைக்கும் நான் உள்ளே உட்கார்ந்துதான் வரைவேன். அன்றிலிருந்து இஸ்தோப்புக்கு வந்துவிட்டேன். போகிற வருகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று.

திருவிழா வந்தது. பிற்பகலில் தேர் எங்கள் லயத்துக்கு இறங்கியது. நான் எழுந்து உள்ளே போகவில்லை. புத்தகத்தை மடியில் விரித்துச் சின்ன விரலை ஊன்றினேன். முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வாசலாகத் தப்பு நின்று நின்று வந்தது. அக்காவின் வாசலில் நின்றது. தேங்காய் உடைந்தது. என் வாசலில் தப்பை அடித்துக்கொண்டே போனார்கள். அடுத்த வாசலில் மறுபடி நின்றது. என்னை யாரும் பார்க்கவில்லை, பார்க்காமல் போவதற்கு அவர்கள் கழுத்தை எவ்வளவு திருப்ப வேண்டியிருந்தது என்பதை நான் பார்த்தேன்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு சுற்று நடுங்கிக் கோணிக்கொண்டு போயிருக்கும். தேர் கடந்த இடம் அது. அதற்கு வெளியே அடுத்த சுற்றை அதே நடுக்கத்தோடு போட்டேன், வேண்டுமென்றே. அதற்கு வெளியே இன்னொன்று. தெரியாதவர்கள் பார்த்தால் அலை அலையாகப் போட்ட வேலை என்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். தேர் வரும், நான் உட்கார்ந்திருப்பேன், தேர் போகும். ஒரே ஒரு வசதி கிடைத்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். எனக்கு வரிசையே இல்லை.

புத்தகங்கள் கூடின. அரிசிப் பெட்டிக்கு மேல் அடுக்கினேன். கூரை ஒழுகியபோது சில போயின. அதற்காக அழவில்லை. எரிந்து போகவில்லை, நனைந்துதான் போயின.

காலம் போகப்போக ஆட்களின் பேச்சு வேறு பக்கம் சாய்ந்தது. முன்பு பயந்தவர்கள் இப்போது வந்து கேட்கத் தொடங்கினார்கள். கோழி சாகுது, ஒண்ணு போட்டுத் தா. மருமகளுக்குத் தங்க மாட்டேங்குது, ஒண்ணு போட்டுத் தா. டவுனில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி காசுப் பெட்டிக்கு மேல் ஒட்ட ஒன்று கேட்டார்.

"அழகுக்குன்னா எடுத்துட்டுப் போங்க. பலனுக்குன்னா இல்ல" என்றேன்.

"பலன் இல்லாதத ஏன் மெனக்கெட்டுப் போடுற?" என்றார். அவர் அழகுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கெட்டது செய்வேன் என்றபோது எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்வேன் என்றபோதும் அதே கோபம்தான் வந்தது. இரண்டும் ஒரே பொய்.

அப்போது தோட்டத்தில் செல்போன் பேசத் தொடங்கியிருந்தார்கள். அக்காவின் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். முதலில் பேசினாள், காசு அனுப்பினாள். பிறகு பேச்சு நின்றது. அவளுடைய நம்பரை அடித்தால் யாரோ அரபியில் பேசிவிட்டு வைத்தார்களாம். சுவருக்கு மேலால் அக்கா அழுவது எனக்குக் கேட்டது. நான் கடுகு தாளிப்பதை நிறுத்தினேன். ஏன் என்று தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் என் இஸ்தோப்பின் ஓரத்தில் வந்து நின்றாள். தாளைக் குச்சியில் தூக்கி வந்தாளே, அதே இடம். அதற்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். மாடு எப்போதோ போய்விட்டது.

"புள்ள."

"சொல்லுங்க."

முன்பு அக்கா என்பேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

"எம் புள்ள வர்ற மாதிரி ஒரு சக்கரம் போட்டுக் குடு."

"அது அப்புடி ஒண்ணும் செய்யாதுங்க."

"ஒன்னால முடியும். எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

பட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

"இப்ப போட்டுக் குடுத்தா, அன்னைக்கு ஒங்க மாட்டுக்கும் நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்" என்றேன்.

"அத விடு. அது பழசு."

"எனக்குப் பழசு இல்ல."

உட்கார்ந்து அழுதாள். "நீயும் ஒரு பொம்பளதானே" என்றாள்.

"அதான் பொய் சொல்லல."

கல் மாதிரி இருந்தேன் என்று அப்போது பார்த்தவர்கள் சொன்னார்கள். இருந்திருப்பேன். ஒரு தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பது பெரிய வேலையில்லை. அவள் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருப்பாள், இரண்டு நாள் தூங்கியிருப்பாள். மூன்றாம் நாள் மறுபடி வந்து இன்னும் பெரிதாக ஒன்று கேட்டிருப்பாள்.

"அனுப்பின ஏஜென்சிக்காரனப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ரத்தினபுரியில இருக்கான். போனா சிங்களத்துல சத்தம் போடுறான். எனக்கு எதுத்துப் பேச வராது."

"எனக்கு வரும். நாளைக்கு லீவு போடுறேன்."

வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். காலையில் குடையோடு வந்து நின்றாள். "பஸ் போயிரும்" என்றாள். அவ்வளவுதான்.

ஏஜென்சியில் "பலமு, பலமு" என்றார்கள். பார்ப்போம், பார்ப்போம். நான் நகரவில்லை. பார்க்கிறவரைக்கும் இந்த வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருப்போம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் தாளைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து,

"மாடு கெழடு புள்ள" என்றாள்.

"தெரியும்."

"எனக்கும் அப்பவே தெரியும். பால் நின்னா கடைக்காரன் சாமான் தர மாட்டான். கெழட்டு மாடுன்னா யாரு கடன் குடுப்பா? செய்வினைன்னா கொஞ்ச நாள் பொறுப்பான்."

கோடு தடித்துவிடும் என்று மூச்சை மெதுவாக விட்டேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாங்குக்குத் திரும்பத் திரும்பப் போனோம். எங்களைப் பார்த்தாலே உள்ளே இருந்தவர்களுக்கு முகம் கோணும். கடைசியில் எங்கள் தொல்லை தாங்காமல் அங்கிருந்தே குவைத்துக்கு அடித்தார்கள். வேறு வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம், முதல் வீட்டுக்காரி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். மகள் பேசினாள். அக்கா போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

லயத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. சக்கரம் வேலை செய்துவிட்டது என்றார்கள். திருவிழா நெருங்கியிருந்தது. தலைவர் வரிப் புத்தகத்தோடு என் வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது.

"தங்கச்சி, பழச மறப்போம். இந்த வருசம் ஒங்க வரிய எடுத்துக்கிறோம். தேரு நிக்கும்."

"சரிங்க."

"கோயிலுக்கும் ஒரு சக்கரம் போட்டுக் குடு. தேருல வைப்போம். ஊருக்கு நல்லது."

"ஏஜென்சிக்கு நடையா நடந்ததுதான் வேலை செஞ்சிச்சு. சக்கரம் ஒண்ணும் செய்யல."

"சரி, அது ஒனக்குள்ள இருக்கட்டும். ஒண்ணு போட்டுக் குடேன்."

"வரின்னா எடுங்க. சக்கரம் கெடையாது."

"சக்கரம் இல்லாம வரிய மட்டும் எப்புடி எடுக்குறது? அன்னைக்குச் சொன்ன தீர்ப்பு இருக்குல்ல?" என்றார். அவர் கேட்டதில் அவருக்கு ஒரு குழப்பமும் தெரியவில்லை. வரிப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "நீ மாறவே மாட்டே" என்றார். திட்டவில்லை. சொன்னார்.

தேர் இறங்கிய பிற்பகலில் நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். தப்பு முதல் காம்பராவில் நின்றது, அடுத்ததில் நின்றது. அக்கா தட்டோடு வெளியே வந்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, சூடம். தன் வாசலில் நிற்கவில்லை. நேரே நடந்து வந்து என் படியில் நின்றாள்.

தப்பு குழம்பியது. தேர் அவள் வாசலில் நின்றது. அங்கே ஆள் இல்லை.

"அக்கா, ஒங்க வாசல் இங்க" என்றார் தலைவர்.

"என் வாசல் எதுன்னு எனக்குத் தெரியும். தட்டு இங்கதான். நிக்கிறதுன்னா இங்க நிக்கட்டும். இல்லாட்டி ரெண்டு வாசலும் வேணாம், போகட்டும்."

"என்னாக்கா இது, சாமி விசயத்துல."

"சாமி விசயந்தான். என் மாடு கெழட்டு மாடு. வயசாகிப் பால் நின்னுச்சு. இவ ஒண்ணும் செய்யல. எம் புள்ளைக்கும் ஒண்ணும் செய்யல. கேட்டேன், குடுக்கல. என்கூட பஸ்ஸுலதான் வந்தா."

தப்பு அடிக்கிறவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தேரைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். தேரைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினார்கள்.

"எந்திரி தங்கச்சி. சாமி வந்திருக்கு."

"பாத்தேன். சுத்து பாதியில இருக்கு."

"சாமிய நிக்கவெக்கிறியா?"

"இத்தன வருசம் நிக்காமப் போச்சுல்ல. இப்ப கொஞ்சம் நிக்கட்டும்."

சின்ன விரலை எடுக்கவில்லை. தாளைத் திருப்பினேன். அக்காவின் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது, அவள் அவசரப்படுத்தவில்லை. கோடு தொடங்கிய இடத்தில் வந்து முட்டியதும் பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தேன். அந்தச் சுற்றில் நடுக்கம் இல்லை.